பன்னிரண்டாவது கிராதிக் கல்

அகமதாபாத்
10 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்து ஒரு மாதம் ஆகிறது. தபால்காரரைத் தடுக்க உனக்கு வழி இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

மே மாதம் லீவில் வந்து நம் பாறைக்கோணம் மிக்கேல் சம்மனசு கோயிலை நான் அளந்து வரைந்துகொண்டிருந்தபோது, நீ வாசலில் நின்று, "அளந்து என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டாய். அன்றைக்குத் தொடங்கிய சண்டை. நான் ஊரைவிட்டுக் கிளம்பியதும் பங்குப்பேரவைத் துணைத்தலைவர் என்ற முறையில் நீ கிழித்த கிழியை ஃபாதர் ஜெனித் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்ததும் எனக்கு ஓக்காளம் வந்தது. 

கல் தூண்களுக்கு இடுப்பளவு பாத்ரூம் டைல்ஸ். தூண் உச்சிப் போதிகையில் தொங்குகிற வாழைப்பூக்களுக்குத் தங்கப் பெயின்ட். அந்த மண்டபம் கட்டிய வருஷம் கொல்லம் 719 என்று உத்திரக் கல்லில் வெட்டியிருக்கிறது, இங்கிலீஷ் கணக்கில் 1544. அந்த 'கொல்லம்' என்ற சொல்லுக்கு நடுவில் துளை போட்டு ஃபேன் கொக்கி மாட்டியிருக்கிறாய். உன் கைவேலைதான். சார்ஜாவில் பதினெட்டு வருஷம் எலெக்ட்ரிஷியனாக இருந்தவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

அண்ணே, அதைக் கட்டியவர்கள் சுசீந்திரத்திலும் திருவட்டாறிலும் வேலை பார்த்த கல்தச்சர்களின் வகையறா என்று நான் அடித்துச் சொல்வேன். யாரோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கோயில் கட்டச் சொன்னார். அவர்களுக்குத் தெரிந்தது மண்டபம், மண்டபமே கட்டினார்கள். அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே வாழைப்பூ. சிலுவை செதுக்கச் சொன்னதும், அதை வெறுமனே விட மனசில்லாமல் தாமரைக்கு மேல் நிறுத்தினார்கள். அந்தத் தாமரைக்கு நீ ரோஸ் கலர் அடித்திருக்கிறாய்.

அதைவிட மோசம் தரை. கல் மண்டபம் முடிந்து பின்னால் ஓட்டுக்கூரை போட்ட தாழ்வாரப் பத்தி தொடங்குகிற இடத்தில் ஒரு படி இறங்கும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு இறங்குவதுபோல அவ்வளவு அழகு. அந்தப் படியையே கான்கிரீட் கொட்டி மூடி, முன்னும் பின்னும் ஒரே தளமாக்கி டைல்ஸ் ஒட்டிவிட்டாய். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. சீ.

கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் நான் எழுதிய அறிக்கையை ஃபாதருக்கு அனுப்பிவிட்டேன். டைல்ஸ், பெயின்ட் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், படியைத் திறக்க வேண்டும். இன்னொன்று. அந்தப் படிக்கு மேலே, மண்டபத்தின் கடைசித் தூண் வரிசையில், தரையில் பன்னிரண்டு சதுரக் குழிகள் சிமென்ட் வைத்து அடைத்திருந்ததை நான் மே மாதமே அளந்துவைத்தேன். அங்கே இடுப்பளவுக் கைப்பிடிபோல கல் கிராதி நின்றிருக்கிறது. நம் காலத்துக்கு முன் பூசையில் நன்மை அப்பம் வாங்க ஜனங்கள் முழங்காலிட்ட கிராதி. அதன் கால்களில் பதினொன்று ஊரில் அங்கங்கே கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். மேலத்தெரு ஞானதாசன் வீட்டு முற்றத்தில் மட்டும் நாலு.

பன்னிரண்டாவது எங்கே என்று உனக்குத் தெரியும். நம் வீட்டுக் கிணற்றடியில், அம்மா துணி துவைக்கிற கல். அளவு அப்படியே ஒத்துவருகிறது. அதையும் அறிக்கையில் எழுதிவிட்டேன்.

பதில் போடு. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஜினிஷா


பாறைக்கோணம்
21 ஜூன் 2024

ஜினிக்கு,

இயேசுவுக்கே புகழ். இதை எழுதாமல் கடிதம் தொடங்கினால் அம்மா திட்டுவாள், அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. ஓக்காளம் வந்ததாக எழுதியிருந்தாய். அகமதாபாத்தில் ஏசி ரூமில் போட்டோ பார்த்து வந்த ஓக்காளம். எங்களுக்கு ஞாயிறுதோறும் வரும். மண்டபத்து மேல்கல் இடுக்கில் வவ்வால் எத்தனை என்று அளந்தாயா? பூசை நடக்கும்போது தலையில் எச்சம் விழும். மழைக்காலத்தில் பின்பத்திச் சுவர் வேர்த்து ஒழுகும், சேலை ஒட்டிக்கொள்ளும். அந்த நாற்றத்தில் நின்று 'பரலோகத்தில் இருக்கிற' ஜெபம் சொல்லிப் பார், மேலே பார்க்கவே பயமாக இருக்கும், வாயில் விழுந்துவிடும்.

ஃபேன் நான்தான் மாட்டினேன். நீ அகமதாபாத் போன அடுத்த ஞாயிறு அம்மா பூசைக்கு நடுவில் மயங்கி விழுந்தாள். உனக்குச் சொல்லவில்லை. அவளைத் தூக்கி வெளியே கிடத்தியபோது அவள் தலைமயிரில் வவ்வால் எச்சம் இருந்தது. அதைத் துடைத்த கையோடு டிரில்லிங் மெஷின் எடுத்தேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. இருந்தால்தான் என்ன, காற்று வேண்டும். கொல்லம் 719-இல் செத்தவனுக்கு வேர்க்காது.

போன ஞாயிறு ஃபாதர் ஜெனித் உன் அறிக்கையைப் பிரசங்கத்தில் வாசித்தார். 'நம் பங்கின் மகள்' என்றார். மேலத்தெரு ஆட்கள் கை தட்டினார்கள். கோயிலுக்குள் கை தட்டி நான் பார்த்ததே இல்லை. எனக்கு மேலெல்லாம் புழு ஊர்ந்ததுபோல இருந்தது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

டைல்ஸை எடுக்கணுமா, எடுத்துக்கொள். பெயின்டைச் சுரண்டணுமா, சுரண்டு. தாமரைக்கு ரோஸ் அடித்தது எனக்கே பிடிக்கவில்லை, பெயின்டர் இஷ்டத்துக்கு அடித்துவிட்டான். ஆனால் அந்தப் படியை விட்டுவிடு. கிராதியை விட்டுவிடு. ஃபாதருக்கு இன்னொரு கடிதம் எழுதி, கிராதி பற்றி நான் எழுதியது தப்பு என்று சொல்லிவிடு. ஏன் எதற்கு என்று என்னைக் கேட்காதே.

துவைக்கிற கல்லை யாரும் தொட வேண்டாம். தொட்டால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன்.

அம்மா முழங்காலுக்குத் தைலம் போடுகிறாள். கல்லில் துவைக்கக் கூடாது என்று சொன்னாலும் கேட்பதில்லை. வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தேன், அதன் மேல் அரிசி டப்பா வைத்திருக்கிறாள்.

உன் அண்ணன்,
டைல்ஸ்காரன் ததேயுஸ்


அகமதாபாத்
1 ஜூலை 2024

அண்ணே,

ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒப்புக்கொள்ள நான் என்ன பங்குப்பேரவை உறுப்பினரா?

அம்மா விழுந்ததை எனக்குச் சொல்லாமல் மறைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குப் புரிகிறதா? நம் வீட்டில் எல்லாவற்றையும் எனக்கு மறைத்து மறைத்தே பழக்கம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததையும் பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னீர்கள். 'அவ படிக்கட்டும், அவ படிக்கட்டும்.' படித்துவிட்டேன். இப்போதாவது என்னை வீட்டு ஆளாக நடத்துங்கள்.

வவ்வாலுக்கு வலை அடிக்கலாம். சுவர் வேர்க்காமல் இருக்கச் சுண்ணாம்பு பூசலாம். டைல்ஸ் ஒட்டினால் உள்ளே ஈரம் தங்கி இன்னும் நாறும். இதெல்லாம் அறிக்கையில் இருக்கிறது, நீ பாதியில் எழுந்து போனதால் கேட்கவில்லை.

கிராதி தப்பு என்று நான் எழுத மாட்டேன். அது தப்பே இல்லை. அந்தக் கால்களை ஒவ்வொன்றாகக் கழுவி, தடவிப் பார்த்தேன். மேல்முனையில் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. வாசல் பக்கம் பார்த்த முகம். முழங்காலிட்டு நன்மை வாங்கியவர்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது. நூறு, இருநூறு வருஷத்துக் கைகள். அதைத் தொட்டபோது நான் அழுதேன் அண்ணே. அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா, எல்லோருடைய கையும் அதில் இருக்கும் என்று நினைத்தேன். உனக்கு அது ஒன்றுமே இல்லை. நீ கான்கிரீட் கொட்டுகிறாய்.

உனக்கு ஒரு செய்தி. ஞானதாசன் நேற்று எனக்குப் போன் செய்தார். சின்ன வயதில் அவர் வீட்டு வழியாகப் பள்ளிக்கூடம் போனால் நாயை அவிழ்த்துவிடுவார், ஞாபகம் இருக்கிறதா? அதே ஆள். "மோளே, உனக்க அறிவுக்கு இந்த ஊரே கடமைப்பட்டிருக்கு. எனக்க முற்றத்துல கெடக்க நாலு கல்லையும் நானே சொமந்து கொண்டுபோய் வெப்பேன்" என்றார். அவர் என்னை மகள்போல மோளே என்று கூப்பிட்டது வாழ்க்கையில் முதல் தடவை. இத்தனை வருஷம் கழித்தாவது மனுஷர்கள் மாறுகிறார்கள். மாறாதது நீ ஒருவன்தான்.

பன்னிரண்டு கல்லும் வேண்டும். பதினொன்று வைத்துக்கொண்டு ஒரு குழியை மூளியாக விட முடியாது. அம்மாவுக்கு வேறு கல் வாங்கிக் கொடு. உன் பிடிவாதம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஜினிஷா


பாறைக்கோணம்
12 ஜூலை 2024

ஜினிக்கு,

இயேசுவுக்கே புகழ்.

சொல்லிவிடுகிறேன். சொல்ல மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தது, அவர் போய்ப் பதினஞ்சு வருஷம் ஆகிறது, மன்னிப்பார்.

முதலில் உன் அழகான படி. கல் மண்டபம் மேலத்தெருக்காரர்களுடையது. நம் ஆட்கள் வேதத்தில் சேர்ந்து பூசைக்கு வந்தபோது உள்ளே விட அவர்களுக்கு மனசில்லை. வேண்டாம் என்று சொல்லச் சாமியாருக்கும் மனசில்லை. அதனால் மண்டபத்துக்குப் பின்னால் ஓட்டுப்பத்தி ஒன்று இழுத்துக் கட்டினார்கள். தரையை ஒரு படி தாழ்த்திக் கட்டினார்கள். மேலத்தெருக்காரனும் கீழத்தெருக்காரனும் எழுந்து நின்றால் தலை ஒரே உயரத்துக்கு வந்துவிடக் கூடாதே, அதற்கு. நீ வெளிச்சம், நிழல் என்று எழுதியிருந்தாய்.

அந்தக் கிராதி நடுவில் வைத்த வேலி. நீ எழுதியது பாதி சரி. நம் ஆட்கள் அதில் முழங்காலிட்டு நன்மை வாங்கியது உண்மை. மேலத்தெரு முழுக்க பீடத்தில் வாங்கி முடிந்த பிறகு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு சாமியார் கிராதி வரைக்கும் வருவார். கல்லின் தேய்வு அதனால் வந்ததில்லை. தாழ்ந்த தரையில் நின்றால் பீடம் தெரியாது. கிராதியைப் பிடித்து எக்கி எக்கிப் பார்த்தார்கள். பூசை முழுக்க, பரம்பரை பரம்பரையாக. நீ தடவி அழுதது அந்தத் தேய்வுதான்.

1967-இல் அப்பாவின் அப்பா செத்தார். பெட்டியைக் கிராதி தாண்டிக் கொண்டுபோக முடியாது. படிக்குக் கீழே வைத்தார்கள். சாமியார் உள்ளே நின்றே தீர்த்தம் தெளித்தார். எட்டவில்லை. தண்ணீர் படிமேல் விழுந்து காய்ந்தது. அப்பாவுக்கு இருபத்துமூணு வயது, பெட்டித் தலைமாட்டில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். பெட்டிமேல் ஒரு சொட்டு விழவில்லை என்று என்னிடம் சொல்லும்போது விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

அந்த டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா. தேர் பார்க்க மேலத்தெருவில் ஒரு ஆள் பாக்கி இல்லாமல் போய்விட்டார்கள். நட்டநடுப் பகலில் அப்பா கடப்பாரையோடு கோயிலுக்குள் போனார். தனியாக. பன்னிரண்டு கல்லையும் பிடுங்கி வாசலில் அடுக்கி வைத்துவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

அடித்தார்கள். அதை நான் எழுதவில்லை. பிறகு சாமியார் தீர்ப்புச் சொன்னார். கிராதி திரும்ப வேண்டாம், குழியை அடைத்துவிடலாம், ஆனால் வியாகப்பன் கோயிலில் கை வைத்ததற்கு மூணு ஞாயிறு கிராதிக் கல் ஒன்றைத் தலையில் சுமந்து பூசை முடியும்வரை வாசலில் நிற்க வேண்டும். நின்றார். மூணாவது ஞாயிறு பூசை முடிந்ததும் இறக்கி வைக்காமல் அப்படியே வீட்டுக்குச் சுமந்து வந்து கிணற்றடியில் குப்புறப் போட்டார். "இனி இதுல அழுக்கு போகட்டும்" என்றாராம். அதுதான் உன் பன்னிரண்டாவது கல். மீதியை மேலத்தெருக்காரர்கள் எடுத்துப் போய்ப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஞானதாசன் முற்றத்தில் அது ஏன் இத்தனை வருஷம் கிடந்தது என்று இப்போது யோசித்துப் பார்.

எனக்கு டைல்ஸ் மேல் ஆசை எதுவும் இல்லை மக்கா. ரெண்டு தரையும் ஒன்றாக வேண்டும். எது மேலே, எது கீழே என்று பின்னால் வருகிறவன் கண்டுபிடிக்கக் கூடாது. ஒரே டைல்ஸ் ஒட்டினால் தெரியாது என்று நினைத்தேன். பேரவையில் படி தடுக்கி வயசானவர்கள் விழுகிறார்கள் என்று காரணம் சொல்லி வாங்கினேன். பதவிக்கு நான் வந்ததே இந்த ஒரு வேலைக்குத்தான். நீ அளந்து கண்டுபிடித்துவிட்டாய்.

சார்ஜாவுக்குப் போக முந்தின நாள் அப்பா அந்தக் கல்லில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார். கடைசியில், "குட்டிகிட்ட சொல்லாத. அவளுக்காவது அது ஒரு கோயிலா இருக்கட்டும்" என்றார். உனக்கு அப்போது பதினாலு வயது.

ததேயுஸ்


அகமதாபாத்
20 ஜூலை 2024

அண்ணே,

கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன். அந்தத் தேய்வில் கன்னத்தை வைத்து நான் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன், என் மாணவர்களுக்குக் காட்ட. அதை அழித்தேன். அழித்தும் போகவில்லை.

உன்மேலும் அப்பாமேலும் எனக்குக் கோபம். அது ஒரு கோயிலாக இருக்கட்டும் என்று விட்டீர்கள். அதனால்தான் நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்குச் சொல்லியிருந்தால் அந்தக் குழிகளைக் கண்டதும் அளவுகோலை மடக்கி வைத்திருப்பேன். நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தீர்கள். அந்தப் படிப்பை வைத்து, அப்பா பிடுங்கியதை நான் நட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கல்லில் என் யூனிஃபார்மை அம்மா துவைத்து வெளுத்தாளே, ஒரு நாளாவது அவளுக்கு வாய் வரவில்லையா?

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே ஃபாதருக்கு மெயில் போட்டேன். அறிக்கையின் கிராதிப் பகுதியைத் திரும்பப் பெறுகிறேன், அது நன்மைக் கிராதி இல்லை, பிரித்து வைத்த வேலி என்று காரணத்தோடு எழுதினேன். அவர் போன் செய்தார். நல்ல மனுஷன்தான், அதுதான் இன்னும் குமட்டுகிறது. "சிஸ்டர், இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்குதாவ? வரலாற வரலாறா பாருங்க. கிராதி நின்னா டூரிஸ்டுகள் வருவாவ" என்றார். திருவிழாவுக்கு முன் வேலை முடிய வேண்டுமாம், கல் எல்லாம் வந்துவிட்டதாம்.

பிறகு நானே ஞானதாசனுக்குப் போன் போட்டேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ ஒப்பு போட்ட காயிதம் எனக்க கையில இருக்கு மோளே. நாங்க சொன்னா சாதி, நீ சொன்னா சாஸ்திரம்" என்று சிரித்தார். சிரிப்பு முடிகிறவரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த மோளே என் காதில் சளிபோல ஒட்டியிருக்கிறது.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். கல்லைக் கொடுக்காதே.

ஜினி


பாறைக்கோணம்
22 செப்டம்பர் 2024

ஜினிக்கு,

இயேசுவுக்கே புகழ்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ரெண்டு மாதம் ஆகிவிட்டது. பேரவையில் நான் ஒருவன் எதிர்த்தேன், நம் தெரு ஆட்கள் ஆறு பேர் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும், "அண்ணே, பழைய எளவையெல்லாம் ஏன் கிண்டுகியோ, பிள்ளைகளுக்குத் தெரியாண்டாம்" என்றார்கள். நானும் அதைத்தானே இத்தனை வருஷம் சொன்னேன். பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் கல்லை எடுக்க டெம்போவில் நாலு பேர் வந்தார்கள். அம்மா கல்லில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. அவர்கள் நிற்க நிற்க, துவைத்த போர்வையையே திரும்பத் திரும்ப அடித்துத் துவைத்தாள். ஒரு மணி நேரம். மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் தெறித்து அவர்களே போய்விட்டார்கள். எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்தது. அதனால்தான் இன்றைக்கு நடந்ததை எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கொடியேறியது. கோயிலைத் திறந்துவிட்டார்கள். டைல்ஸ் இல்லை, தங்கப் பெயின்ட் இல்லை. கல்லெல்லாம் கழுவி எண்ணெய் தேய்த்ததுபோல மின்னுகிறது. வவ்வாலுக்கு வலை அடித்தாகிவிட்டது, நாற்றம் போய்விட்டது. நீ சொன்னதெல்லாம் சரி, அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் சகிக்கவில்லை.

படியைத் திறந்துவிட்டார்கள். அதன்மேல் பதினொரு கல். கல்லுக்குக் கல் சிவப்பு வெல்வெட் கயிறு, ஓட்டலில் கட்டுவதுபோல. பன்னிரண்டாவது குழிமேல் பிளாஸ்டிக் பூந்தொட்டி. பக்கத்தில் பளிங்குப் பலகை: 'பழமை வாய்ந்த நன்மைக் கிராதி. கட்டடக்கலை வல்லுநர் ஜினிஷா வியாகப்பன் அவர்களின் ஆய்வின்படி மீட்கப்பட்டது.' அப்பா பெயரும் அதில் வந்துவிட்டது.

இன்று ஞாயிறு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இன்ன ஆள் இங்கே உட்கார வேண்டும் என்று ஒரு எழுத்து எங்கேயும் இல்லை. மேலத்தெரு ஆட்கள் வந்தார்கள், கயிற்றை அவிழ்த்து உள்ளே போனார்கள், கொக்கியை மாட்டிவிட்டார்கள். நம் ஆட்கள் வந்தார்கள், படிக்குக் கீழே நின்றார்கள். நேற்றுப் பிறந்த பிள்ளைகளும் நின்றார்கள். டைல்ஸ் தரையில் மூணு மாதமாக முன்னால் போய் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

நான் உள்ளே போய்விடுவது என்றுதான் வந்தேன். சத்தியம். கயிறு வரைக்கும் போனேன். என் கால் நின்றுவிட்டது. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை ஜினி. என் கால் தானாக நின்றது. ஐம்பத்துநாலு வயதில், விமானம் ஏறி இறங்கிய கால். அந்த அருவருப்பை எந்தக் கடிதத்தில் எழுதுவது?

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சயே இரிப்போம் மக்கா. இஞ்ச காத்து நல்லா வருகு" என்றாள். பின்பத்தியில் ஃபேன் கிடையாது.

நன்மை கொடுக்கிற நேரத்தில் எட்டிப் பார்க்கக் கல்லைப் பிடித்தாள். எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

ததேயுஸ்


அகமதாபாத்
28 செப்டம்பர் 2024

அண்ணே,

நம்பரைத் திறந்தது தெரியும். கூப்பிடவில்லை. இந்தக் குளறுபடி முழுக்க நான் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தால் வந்தது. அதற்குப் பதில் காகிதத்தில்தான் வர வேண்டும், கையெழுத்தோடு.

ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் நாங்கள் ஒரு தாள் எழுதுவோம். எப்போது எது கட்டினார்கள், எது இடிந்தது, யார் மாற்றினார்கள் என்று காலவரிசையில். முதல் அறிக்கையில் நான் எழுதிய தாளில் 1967 இல்லை. குழிகளை அடைத்த சிமென்டை வெறும் அடைப்பு என்று குறித்துவிட்டு மேலே போய்விட்டேன். அந்தக் கோயிலின் ஐந்நூறு வருஷத்தில் ஒரே ஒரு நல்ல வேலை நடந்தது அங்கேதான், அதை நான் சேதம் என்று எழுதினேன்.

நேற்று புதிதாக எழுதினேன். ஒரு பிரதி ஃபாதருக்கு, ஒன்று ஆயருக்கு, ஒன்று ஞானதாசனுக்குப் பதிவுத் தபாலில். உனக்கானதை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு, சத்தமாக:

'கொல்லம் 719. கல் மண்டபம். கட்டியவர்கள் பெயர் தெரியாத கல்தச்சர்கள்.

பிற்காலம். பின்பத்தி, தாழ்ந்த தரை, கல் கிராதி. கீழத்தெரு மக்களை மண்டபத்துக்கு வெளியே நிறுத்துவதற்காகக் கட்டியது. கல்லின் தேய்வு, எக்கிப் பார்த்த கைகளால் உண்டானது.

1967 டிசம்பர். கிராதி நீக்கம். செய்தவர் வியாகப்பன், வயது 23, கூலித்தொழிலாளி. கருவி கடப்பாரை. ஒரு பகல்.

2024 செப்டம்பர். கிராதி மீண்டும் நடப்பட்டது. செய்தவர் ஜினிஷா, மேற்படியாரின் மகள், வயது 42, கட்டடக்கலை வல்லுநர். கருவி பேனா.'

அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நாளை ரயில் ஏறுகிறேன், செவ்வாய்க்கிழமை நாகர்கோவில். மறுநாள் நல்ல வெளிச்சத்தில், எல்லோரும் ஊரில் இருக்கும்போதே கோயிலுக்குப் போகிறேன். அப்பாவுக்குத் தேர் நாள் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு வேண்டாம், அவர்கள் பார்க்கட்டும். நீ வர வேண்டும் என்று இல்லை. வந்தால் உன் காலைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன், என் காலும் நிற்குமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. பலகையை மட்டும் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள். அதில் என் பெயருக்குக் கீழே இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது.

இந்தக் கடிதம் எனக்கு முந்தி வந்துவிட்டால், கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கிற அப்பாவின் கடப்பாரையை எடுத்து அம்மாவிடம் கொடு. துவைக்கிற கல்லில் தேய்த்து, துரு போக்கி வைக்கட்டும்.

ஜினிஷா
வியாகப்பன் மகள், கீழத்தெரு, பாறைக்கோணம்